பன்னிரண்டு பூச்சட்டிகளின் நீர்வார்ப்பு வைபவம்

மனித நாகரிகம் ஆற்றங்கரைகளில் பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது பாதிச் செய்தி. பிறந்தது எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். முழு வளர்ச்சி அடைந்த இடம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, நான்காவது மாடியில் இருக்கும் எங்கள் வரவேற்பறைதான். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் மேன்மை மன்றத்தின் கௌரவச் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். சொன்னதோடு நிற்காமல் கூட்டக் குறிப்பிலும் எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஆகவே இது உண்மை.

எங்கள் மன்றத்தில் குத்துவிளக்கு ஏற்றாமல் எதையும் தொடங்கியதில்லை. புதிய போட்டோகாப்பி இயந்திரம் வந்தபோதுகூட ஏற்றினோம். அந்த இயந்திரத்துக்காக ஐந்து முகத்தையும் ஏற்றிய காலையில்தான் கூரையிலிருந்த புகை மணி அலறியது. கட்டடமே தெருவுக்கு இறங்கியது. பல் மருத்துவமனையிலிருந்து ஒருவர் வாயில் பஞ்சோடு இறங்கி வந்து, தலைவரை முறைத்துப் பார்த்தபடி நின்றார். அவரால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. மறுநாள் கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. இனி நான்காவது மாடியில் நெருப்பு கூடாது.

நெருப்பு போனால் என்ன, நீர் இருக்கிறதே என்று கண்டுபிடித்தவர் எங்கள் தலைவர் ஞானசம்பந்தம். சிறப்பு விருந்தினர் வெள்ளிச் செம்பை எடுத்து ஒரு செடிக்கு நீர் வார்ப்பார், விழா தொடங்கிவிடும். புகை இல்லை, மணி இல்லை, புகைப்படத்துக்கும் பசுமையாக இருக்கும். பெயர் வைக்க மட்டும் இரண்டு கூட்டம் பிடித்தது. ‘நீராட்டு விழா’ என்று ஒருவர் முன்மொழிந்தார். மகளிர் அணி சிரித்த சிரிப்பில் அதை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். ‘நீர்வார்ப்பு வைபவம்’ ஏகமனதாக நிறைவேறியது.

என்ன செடி என்பதைத் துணைத்தலைவர் உஷாராணி முடிவு செய்தார். அவர் இணையத்தில் இரண்டு நாள் ‘தாவர நலவாழ்வு’ பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர். சான்றிதழைச் சட்டம் போட்டுத் தம் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்.

“சக்குலன்ட்தான் தலைவரே. இப்ப எல்லா ஆபீஸ்லயும் அதுதான். தண்ணிய இலையிலயே சேமிச்சு வச்சுக்கும். நம்ம சமுதாயத்துக்கும் சேமிப்புப் பழக்கம் வேணும்லா.”

அந்த ‘வேணும்லா’வுக்குக் கைதட்டல் கிடைத்தது. இலையிலேயே தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும் ஒன்றுக்கு நாம் ஏன் செம்பு செம்பாக ஊற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது எங்கள் மரபில்லை.

சுங்கை பூலோ பக்கத்திலிருந்து பன்னிரண்டு செடிகள் வந்தன. ரோஜா மாதிரி இலை விரித்தவை சில, குட்டிக் கற்றாழை மாதிரி சில. எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. பூச்சட்டிகளை, சுல்தான் கையால் ‘டத்தோ’ பட்டம் வாங்கிய எங்கள் புரவலர் டத்தோ கமலநாதன் நன்கொடையாக அனுப்பினார். வெள்ளைப் பீங்கான், தங்க எழுத்து. டத்தோவின் பெயரில் தொடங்கி, அவர் பெற்ற பட்டங்களும் விருதுகளும் சட்டியைச் சுற்றிச் சுற்றி இறங்கின. இடம் போதாமல் கடைசிப் பட்டம் சட்டியின் அடியில் போய் முடிந்தது. இவ்வளவு சிறப்புள்ள ஒன்றைப் பூச்சட்டி என்று அழைப்பது முறையல்ல என்பதால், பதிவேட்டில் ‘கலசம்’ என்று எழுதினேன்.

கலசங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தவர் தனலெட்சுமி அம்மாள். அவர் எங்கள் அலுவலக உதவியாளர். ஆறு வருடமாக விடிகாலைக் கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து வந்து கதவைத் திறப்பார். கூட்டுவார், துடைப்பார், தேநீர் கலக்குவார், ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்கு முன் கேரி தீவில் செம்பனைக் கன்றுகள் வளர்க்கும் நாற்றங்காலில் எட்டு வருடம் வேலை செய்தவர். அவருடைய கணவர் பக்கிரிசாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வாரத்துக்கு மூன்று நாள், பிற்பகல் நான்கு மணிக்கு அவரைக் கிள்ளானில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு மணிக்கு விடுகிற வேலை இந்த ஊரில் இன்னொன்று கிடைக்காது என்று அவர் என்னிடம் இரண்டு தடவையாவது சொல்லியிருக்கிறார்.

“சார், இதுல அடியில ஓட்டை இல்லயே,” என்றார் அன்று.

“அது பூச்சட்டி இல்லம்மா. கலசம்.”

“சரி சார். கலசத்துல ஊத்துற தண்ணி எங்க போகும்?”

விடை இல்லாதபோது செயலாளர்கள் செய்வதைச் செய்தேன். பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து எழுதிக்கொண்டேன்.

“நாத்தங்கால்ல பாலிபேக் வரும் சார். ஓட்டை இல்லாத பேக் வந்தா மொதல்ல கம்பியால குத்திட்டுத்தான் மண்ணு போடுவோம். இல்லாட்டி வேரு அழுகிடும். இது கள்ளி சாதி வேற. பாசார் கடையில ரெண்டு வெள்ளி வெலைக்கு விக்கிற பிளாஸ்டிக் சட்டியிலகூட நாலு ஓட்டை இருக்கு. ஒரு டிரில்லர் குடுங்க, நானே போட்டுத் தரேன்.”

துண்டுக் காகிதத்தோடு தலைவரிடம் போனேன். அவர் ஒரு கலசத்தைப் பயபக்தியோடு தலைகீழாகத் திருப்பி என்னிடம் காட்டினார்.

“ஓட்டை போட்டா எங்க விழும் பாத்தீங்களா? சரியா அவரோட கடைசிப் பட்டத்து மேல.”

“டத்தோ சட்டியத் திருப்பியா பாக்கப்போறாரு தலைவரே?”

“அவரு மொதல்ல பாக்கிறதே அதைத்தான்.”

‘கலசங்களின் அமைப்புக் குறித்துப் பேசப்பட்டது’ என்று குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்த்தால் யார் பேசினார், என்ன பேசினார் என்று கேள்வி வரும். சேர்க்கவில்லை. ஒரு மன்றத்தின் வரலாறு எழுதப்பட்டவற்றால் மட்டும் உருவாவதில்லை.

வைபவங்கள் தொடங்கின. முதல் மாதத்தில் மட்டும் ஆறு. எங்களிடம் செடி பன்னிரண்டு. ஒரு விழாவுக்கு வரும் பிரமுகர்களோ இருபத்தெட்டுப் பேர். ஒருவரை ஊற்றவிட்டு இன்னொருவரை விட்டுவிட்டால் மன்றம் இரண்டாக உடையும். ஆகவே ஒரு செடிக்கு இரண்டு பேர், முன்வரிசைச் செடிகளுக்கு மூன்று பேர் என்று அட்டவணை போட்டேன். பெரிய மனிதர்கள் சொட்டுச் சொட்டாக ஊற்ற மாட்டார்கள். ஊற்றுவதற்குள் படம் எடுத்து முடியவில்லை என்றால் புகைப்படக்காரர் “இன்னொருக்கா ஊத்துங்க டத்தோ, கண்ணை மூடிட்டீங்க” என்பார். டத்தோ கண்ணைத் திறந்துகொண்டு இன்னொரு செம்பு ஊற்றுவார்.

விழா இல்லாத நாட்களிலும் செடிகளைக் கைவிட்டோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ‘பசுமைக் காவலர்கள்’ என்ற வாட்ஸ்அப் குழு உருவானது. செயற்குழுவினர் பதினொரு பேரும் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றிப் படம் போட வேண்டும். ஒரு நாள் வர முடியாதவர் மறுநாள் இரண்டு நாளைக்கும் சேர்த்து ஊற்றுவார். ரவாங்கிலிருந்து வர முடியாத ஓர் உறுப்பினர் ஒரு மாதத்துக்கும் சேர்த்து ஒரே காலையில் ஊற்றிவிட்டுப் போனார். அவருடைய கடமையுணர்ச்சியைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றினோம்.

ஐந்தாவது வாரம் இலைகள் கண்ணாடி போல் ஆயின. உள்ளே வெளிச்சம் தெரிந்தது. தலைவர் அதைப் ‘பொலிவு’ என்றார். அந்தப் பொலிவுள்ள படம் டத்தோவுக்கும் போனது. பிறகு அடியிலைகள் மஞ்சளாகி, தொட்டாலே கழன்று விழுந்தன. உஷாராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து நோயைக் கண்டுபிடித்தார்.

“தாகம். ஏர்கோன் ரூம்லா, காத்துல ஈரமே இல்ல. தண்ணிய ரெண்டு மடங்கு ஆக்குங்க.”

தேநீர்த் தட்டோடு நின்றிருந்த தனலெட்சுமி அம்மாள் மெதுவாகச் சொன்னார். “மேடம், விரலை மண்ணுல விட்டுப் பாருங்க. கூழா இருக்கு. ஏர்கோன்ல வெயிலும் இல்ல, காத்தும் இல்ல, மண்ணு காயவே காயாது. நல்லா காஞ்ச பெறகுதான் ஊத்தணும். ஊத்தினா முழுசா வடிய விட்டுடணும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா போதும்.”

“நீங்க எந்தப் பயிற்சி முடிச்சீங்க தனலெட்சுமிம்மா?”

“பயிற்சியெல்லாம் இல்ல மேடம். வேலை செஞ்சேன்.”

தேநீரில் சீனி குறைவு என்று யாரோ சொன்னார். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

இதற்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. இரண்டு மடங்கு தண்ணீருக்கு நடுவிலும் செடிகள் சாகவில்லை. மஞ்சளாகாத இலைகள் நிமிர்ந்து நின்றன. ஒன்றிரண்டில் நடுக்குருத்துகூட விட்டது. ‘கூட்டு முயற்சியின் வெற்றி’ என்று தலைவர் முகநூலில் எழுதினார். இருநூற்றுப் பதினான்கு பேர் விரும்பினார்கள்.

அந்த வெற்றிதான் ரகசியத்தையும் வெளியே கொண்டுவந்தது. தாம் நீர் வார்த்த காட்சியைக் காணொளியாகப் போட விரும்பிய தலைவர், வரவேற்பறைக் கண்காணிப்புக் கேமராவின் பதிவைக் கேட்டார். அவர் வார்த்தார், பார்த்து ரசித்தோம். பதிவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. விருந்தினர்கள் போனார்கள். நாற்காலிகள் அடுக்கப்பட்டன. பிறகு தனலெட்சுமி அம்மாள் வந்தார். ஒரு கையால் செடியை மண்ணோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கலசத்தைச் சாய்த்துக் கழுவுதொட்டியில் வடித்தார். வடிந்தது, வடிந்தது, வடிந்துகொண்டே இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டையும் வடித்துவிட்டு, தங்க எழுத்தைத் துணியால் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தார். கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“நான் ஊத்துன தண்ணி,” என்றார் தலைவர்.

“டத்தோ ஊத்துன தண்ணி தலைவரே,” என்றார் உஷாராணி. “பாத்திரம் கழுவுற தொட்டியில.”

எச்சரிக்கைக் கடிதத்தை நான்தான் எழுதினேன். ‘பிரமுகர்களால் வார்க்கப்பட்ட நீரை அனுமதியின்றி அகற்றியது’ என்ற வாசகம் என்னுடையது. இன்னொரு முறை கலசத்தைத் தொட்டால் வேலை போய்விடும் என்றும் எழுதியிருந்தேன். தனலெட்சுமி அம்மாள் படித்தார், கையெழுத்துப் போட்டார், மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இனிமே தொட மாட்டேன் சார். ஆனா செத்துடும்.”

தொடவில்லை. செத்துவிட்டன. பதினாறாவது நாள் பன்னிரண்டும் வேரோடு கூழாகி, மீன் கழுவிய தண்ணீர் மாதிரி நாற்றம் அடித்தன. கொசுப்புழுக்கள் மட்டும் ஆரோக்கியமாக இருந்தன. டத்தோவின் அறுபதாம் பிறந்தநாள் விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

எங்கள் மன்றம் தூங்கும் மன்றம் அல்ல. அன்று மாலையே விசாரணைக் குழு அமைத்தோம். மறுநாள் காலையிலேயே விசாரணை. பன்னிரண்டு கலசங்களும் நீள மேசையில் சாட்சிகளாக வைக்கப்பட்டன. வாசனைக்காக ஊதுபத்தி ஏற்றலாம் என்று ஒருவர் சொல்ல, புகை மணியை நினைத்து எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். மேசையின் மறுமுனையில் தனலெட்சுமி அம்மாளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தோம். அவர் உட்காரவில்லை.

“செடிங்க கடைசியா எப்ப உயிரோட இருந்துச்சு?” தலைவர் தொடங்கினார்.

“நான் தண்ணிய வடிச்சுக்கிட்டு இருந்தவரைக்கும் சார்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா.”

உஷாராணி தம் குறிப்பேட்டைப் பார்த்தார். “செடிங்ககிட்ட அன்பாப் பேசுனீங்களா? பேசணும்னு சுற்றறிக்கை அனுப்பியிருந்தோம்லா.”

“பேசல மேடம். அதுங்க மூழ்கிக் கெடந்துச்சு.”

“கடிதம் குடுத்த பதினாறு நாளுல எல்லாம் போயிடுச்சு,” என்றார் தலைவர். “அதுக்கு முன்னாடி நல்லாதான் இருந்துச்சு. கோவத்துல ஏதாவது ஊத்திட்டீங்களா?”

“ஊத்துனது நீங்க எல்லாரும்தான் சார். நான் ஒரு சொட்டுகூட ஊத்தல.”

“அப்ப தண்ணியே ஊத்தாம விட்டிருக்கீங்க. எழுதிக்குங்க செயலாளர்.”

எழுதிக்கொண்டேன்.

தனலெட்சுமி அம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

“சார், என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிதான். அதுக்கு மேல கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. உள்ள போறது வெளிய போக வழியில்ல. தாகமா இருக்குன்னு கேப்பாரு. நான் குடுக்க மாட்டேன். அஞ்சு வருசமா குடுக்காம இருக்கேன். பாசம் இல்லாம இல்ல சார். ஒருக்கா ஒரு சொந்தக்காரங்க பாவம் பாத்து எளநீ குடுத்துட்டாங்க. ராத்திரியே மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். போக வழியில்லாத எடத்துல ஊத்துனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அதான் சாய்ச்சு வடிச்சேன். ஓட்டை இல்லன்னு மொத நாளே செயலாளர் சார்கிட்ட சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு.”

பத்துத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

நான் கூட்டக் குறிப்பேட்டைத் திறந்தேன். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். அவசரப்படவில்லை. ஒரு செயலாளர் நிதானமாக இருக்க வேண்டும். கடைசிப் பக்கம்வரை போய்விட்டு மூடினேன்.

“அப்படி எதுவும் பதிவில் இல்லை,” என்றேன்.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. தனலெட்சுமி அம்மாள் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரி சார்” என்று மட்டும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை முன்மொழிய ஆளில்லை, வழிமொழியவும் ஆளில்லை. அவரை நீக்கும் தீர்மானத்துக்குப் பதினொரு கைகள் உயர்ந்தன. எண்ணிச் சொல்ல வேண்டியது செயலாளர் என்பதால், என் கையைக் கீழே இறக்காமலேயே எண்ணினேன்.

சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் போனபோது மணி பன்னிரண்டு. அன்று டயாலிசிஸ் நாள். ஒரு மணி நேரம் முன்னதாகவே விட்டதைத் தலைவர் ‘மனிதாபிமானம்’ என்று குறிப்பிட்டார். அதையும் எழுதினேன்.

டத்தோவின் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு பிளாஸ்டிக் செடிகள் வாங்கினோம். அசலைவிடக் கொழுகொழுவென்று இருந்தன. உஷாராணி அவற்றுக்குச் ‘சிறந்த சூழல் ஏற்புத்திறன்’ இருப்பதாகச் சொன்னார். வைபவம் குறைவில்லாமல் நடந்தது. இருபத்தெட்டுப் பேர் வார்த்தார்கள். பிளாஸ்டிக் வேரும் குடிக்காது, கலசமும் விடாது. பதினேழாவது பிரமுகர் செம்பைச் சாய்த்தபோது முன்வரிசைச் செடி ஒன்று மெல்ல மிதந்து எழுந்து, விளிம்பைத் தாண்டி, அடியில் ஒட்டியிருந்த தெர்மோகோலோடு டத்தோவின் காலணியில் வந்து இறங்கியது. பின்னாலேயே தண்ணீர். கம்பளம் நனைந்தது. மைக் கம்பி நனைந்தது. கீழே பல் மருத்துவமனையின் கூரை ஒழுகியது. டத்தோ ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இதுக்கு யார் பொறுப்பு?”

பதினொரு பேரும் வழக்கம்போல் தேநீர் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அங்கே யாரும் இல்லை. பிறகு, வேறு வழியில்லாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத் தொடங்கினோம். இது எவ்வளவு ஆபத்தான நிலை என்பதைச் சங்கங்களில் இருந்தவர்கள் அறிவார்கள்.

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடி, அலுவலக உதவியாளர் பதவி இன்றியமையாதது என்று தீர்மானித்தோம். விளம்பரம் போட்டோம். நேர்காணல் நடத்தும் பொறுப்பு எனக்கு. முதலில் வந்தவர் ஷபானா என்ற பெண். மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் ஏழு வருடம் வேலை பார்த்தவர். சுத்தமான உடை, தெளிவான பேச்சு, சனிக்கிழமையும் வரத் தயார். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. வரவேற்பறையைச் சுற்றிக் காட்டினேன்.

அவர் கலசங்களுக்கு முன்னால் நின்றார். குனிந்தார். ஓர் இலையை விரலால் தட்டிப் பார்த்தார்.

“சார், இது பிளாஸ்டிக்தானே. எதுக்குத் தண்ணி ஊத்தி வச்சிருக்கீங்க?”

“அது எங்கள் மரபு.”

“சட்டியில ஓட்டையும் இல்ல,” என்றார். “இதுக்கு முன்னாடி வேலை செஞ்ச அக்கா உங்ககிட்ட சொல்லலயா சார்?”

அவரை மரியாதையோடு லிப்ட்வரை கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்து, அவருடைய படிவத்தை எடுத்தேன். அனுபவம்: சிறப்பு. ஒழுங்கு: சிறப்பு. பேச்சு: சிறப்பு. எல்லாவற்றையும் நேர்மையாக நிரப்பினேன். ‘நிராகரிக்கக் காரணம்’ என்ற கட்டத்தில் ‘கண் நன்றாகத் தெரிகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.